ஐந்தரை மாதத்திற்குப் பின் ஞாயிறு திருப்பலி: எங்கள் பங்கின் ஏற்பாடுகள்

கொரோனா ஊரடங்குத் தளர்வாக, தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களையும் 2020 செப்டம்பர் 1 முதல் திறக்க அரசு அனுமதித்து, ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கையும் விலக்கிக்கொண்டதால், சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் பங்கில் (கத்தோலிக்கத் திருச்சபையின் உள்ளூர்ப் பிரிவு) செப்டம்பர் 6-ஆம் நாள் மக்கள் பங்கேற்ற திருப்பலி வழிபாடு மீண்டும் தொடங்கியது. அம்மாதத்தின் நான்கு ஞாயிறுகளிலும் சென்று வந்தவன் என்ற முறையில், வரலாமா வேண்டாமா என்று அப்போது தயங்கியோருக்காக இதை எழுதினேன்.

வாசலில் வெப்பமானி, கைகழுவும் குழாய், தீர்த்தம் வற்றிய தொட்டி, சுற்றிலும் கயிறு கட்டிய மாதா கெபி (மாதா சிலை உள்ள குகை வடிவ அமைப்பு) ஆகியவை மத்திய சுகாதார அமைச்சகம் ஜூன் 4-இல் வெளியிட்ட நெறிமுறைப்படியே இருந்தன. பாய்களை எடுத்துவிட்டு, தரையில் ஆறடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தார்கள். குடும்பமாக வருவோருக்குப் பெரிய வட்டம். வாட்ஸ்அப்பில் மட்டுமே முன்பதிவு என்று முதலில் அறிவித்தது தவறு. கைப்பேசி இல்லாத குடும்பங்கள் விடுபட்டதை அன்பியப் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) பொறுப்பாளர்கள் எடுத்துச் சொன்ன பிறகு, இரண்டாம் வாரம் முதல் வீடு வீடாகச் சீட்டு வந்தது.

நற்கருணை (திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக வழங்கும் அப்பம்) வழங்கிய முறையை மனமாரப் பாராட்டுகிறேன். ‘கிறிஸ்துவின் உடல்’ என்று குருவானவர் பீடத்திலிருந்து ஒருமுறை சொல்ல, அனைவரும் ‘ஆமென்’ என்று பதிலளித்தோம். பிறகு அவர் முகக்கவசம் அணிந்து, கைகளைத் தூய்மை செய்துகொண்டு, பேசாமல் எங்கள் உள்ளங்கையில் வழங்கினார். நாவில் வாங்கியே பழகிய பெரியவர்கள் சிலருக்கு இது வருத்தம்தான். ஆயினும், எதிரெதிரே நின்று வாய் திறக்கும் அந்த ஒரு நொடியையும் தவிர்த்தது சரியான முடிவு. ஐந்தரை மாதம் தொலைக்காட்சித் திரையில் மட்டுமே கண்ட நற்கருணையைக் கையில் ஏந்தியபோது எனக்குக் கண்ணீர் வந்தது.

பாடகர் குழு இல்லை. பதிவு செய்த பாடல் ஒலித்தது. காணிக்கைப் பையும் சுற்றி வரவில்லை, வெளியேறும் வழியில் உண்டியல் வைத்திருந்தார்கள்.

குறை என்றால், முதல் இரு வாரங்களும் பக்கவாட்டுச் சன்னல்கள் மூடியே இருந்தன. தெருவின் இரைச்சல் குருவானவரின் மறையுரைக்கு இடையூறு என்றார்கள். தரையையும் கைப்பிடிகளையும் அத்தனை அக்கறையோடு துடைத்த தொண்டர்கள், பலர் ஒருமணி நேரம் சுவாசிக்கும் காற்றை மறந்துவிட்டது என்னை உறுத்தியது. பங்குத்தந்தையிடம் சொன்னேன், மூன்றாம் ஞாயிறு எல்லாச் சன்னல்களும் திறந்திருந்தன, மறையுரையும் பத்து நிமிடத்தில் முடிந்தது. திருப்பலி முடிந்தபின் வாயிலில் கூடி நின்று நலம் விசாரிப்பதை மட்டும் அம்மாதம் எவராலும் தடுக்க முடியவில்லை. பின்வரிசையிலிருந்து வரிசை வரிசையாக அனுப்பியிருந்தால் அதுவும் சீராகியிருக்கும்.

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருக்குமாறு அப்போதைய நெறிமுறை அறிவுறுத்தியதால், என் தாயாரை நான் அம்மாதம் அழைத்துச் செல்லவில்லை. அவரைப் போன்றோருக்காக அக்டோபர் 2, முதல் வெள்ளியன்று, பங்குத்தந்தை வீட்டு வாசலுக்கே நற்கருணை கொண்டுவர ஏற்பாடாகியிருந்தது. தேவைப்படுவோர் புதன்கிழமைக்குள் தங்கள் அன்பியத்தில் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது.