பெயர் தெரியாத செயற்கைக்கோள்களை இனங்காண சாட்நாக்ஸ்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஒரே ராக்கெட்டில் பல செயற்கைக்கோள்கள் ஏவப்படும்போது, அவற்றின் சுற்றுப்பாதைகளை அமெரிக்க விண்வெளிப் படை அளந்து வெளியிட்டாலும், எந்தப் பாதை எந்தச் செயற்கைக்கோளுக்கு உரியது என்பது பல நாட்கள் வரை தெளிவாவதில்லை. 2021 ஜனவரி 24 அன்று ஸ்பேஸ்எக்ஸின் டிரான்ஸ்போர்ட்டர்-1 பயணத்தில் 143 செயற்கைக்கோள்கள் சென்றன. இத்தகைய ஏவுதல்களில் புதிதாக அளக்கப்பட்டவை, பட்டியலில் 'ஆப்ஜெக்ட்' என்ற சொல்லோடும் ஆங்கில எழுத்துகளோடும் மட்டுமே நிற்கும். இந்தக் குழப்பத்தை ஆர்வலர்களே தீர்ப்பதற்கு சாட்நாக்ஸைப் போல உதவும் சேவை வேறொன்றை நான் கண்டதில்லை.

ஏதென்ஸில் தொடங்கி 2014-இல் வன்பொருள் வடிவமைப்புக்கான ஹேக்கடே பரிசை வென்ற இத்திட்டத்தை லிப்ரே ஸ்பேஸ் அறக்கட்டளை நடத்துகிறது. தன்னார்வலர்கள் தங்கள் வீடுகளில் அமைத்துள்ள ஆன்டெனாக்கள் இணையம் வழியாக ஒரே வலையமைப்பாக இயங்குகின்றன. பதிவான ஒவ்வொரு சமிக்ஞையும், நேரம் செல்லச் செல்ல அதன் அதிர்வெண் எங்கே இருந்தது என்று காட்டும் 'வாட்டர்ஃபால்' எனப்படும் படமாகப் பொதுவில் வைக்கப்படுகிறது; கணக்குத் தொடங்காமலே அதை யாரும் பார்க்கலாம்.

இதன் உண்மையான மதிப்பு அந்தப் படத்தில்தான் இருக்கிறது. 437 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் ஒரு தாழ்பாதைச் செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போதும் விலகும்போதும் அதன் அதிர்வெண் ஏறக்குறைய 10 கிலோஹெர்ட்ஸ் வரை மாறுகிறது. கொடுக்கப்பட்ட சுற்றுப்பாதையைக் கொண்டு சாட்நாக்ஸ் இந்த டாப்ளர் மாற்றத்தை முன்கூட்டியே திருத்திவிடுவதால், பாதை சரியாக இருந்தால் சமிக்ஞை நேர்கோடாக நிற்கும். தவறாக இருந்தால் கோடு வளையும். திருத்தத்தை நீக்கிப் பார்க்கையில், அதிர்வெண் மிக வேகமாக மாறும் கணமே செயற்கைக்கோள் நமக்கு மிக அருகில் வந்த கணம். பெயரற்ற பாதைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, அந்தக் கணத்தோடும் வளைவோடும் இசைவதைத் தேர்ந்தெடுத்தால் பெயர் கிடைத்துவிடும். முதல் நாளில் சில விநாடிகளே இடைவெளி கொண்டிருக்கும் கோள்கள் நாளடைவில் விலகிச் செல்வதால் பொறுமைக்குப் பலன் உண்டு.

குறைகளும் உள்ளன. ஒலிபரப்பாத கோள்களை இதனால் அறிய முடியாது. நிலையங்கள் ஐரோப்பாவில் செறிந்தும் இந்தியப் பெருங்கடல் பகுதியில் அரிதாகவும் உள்ளன. நாம் விரும்பிய நேரத்தில் பதிவு செய்யச் சொல்வதற்கு நமக்கென்று ஒரு நிலையம் வேண்டும்.

நிலையம் அமைப்போர் ஏற்பியில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன். நான் முதலில் வாங்கிய மலிவான டாங்கிளில் (கணினியில் செருகும் சிறு ஏற்பி) வெப்பநிலை ஈடுசெய்யும் அலையியற்றி, அதாவது சூடு மாறினாலும் அதிர்வெண்ணை நிலையாக வைத்திருக்கும் பாகம், இல்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு பிழை என்றால் இந்த அதிர்வெண்ணில் அது 22 கிலோஹெர்ட்ஸ். அதாவது டாப்ளர் மாற்றத்தை விடவும் அதிகம். மொட்டை மாடி வெயிலில் அது சூடேறச் சூடேறக் கோடு சாய்ந்தது. நன்கறிந்த கோளின் பாதையையே தவறென்று நான் பல நாட்கள் எண்ணியிருந்தேன். ஈடுசெய்யும் அலையியற்றி கொண்ட டாங்கிளை நிழலில் பொருத்திய அன்றே அந்தக் கோடு நிமிர்ந்துவிட்டது.