இரண்டு கோட்டைகள், ஒரு பகல்: கேனிங்கா, சிலோசோவா?

வேலூர்க் கோட்டையின் அகழியோரம் நடந்து வளர்ந்த எனக்குக் கோட்டை என்றால் கருங்கல் மதிலும் நீரும்தான். அம்மாவுடன் சிங்கப்பூர் சென்றபோது எங்களுக்கு மிஞ்சிய ஒரே பகலை நகர நடுவிலுள்ள கேனிங் கோட்டைக் குன்றுக்குக் கொடுப்பதா, செந்தோசாத் தீவின் சிலோசோ கோட்டைக்குக் கொடுப்பதா என்று யோசித்து, கேனிங்கைத் தேர்ந்தோம். சிலோசோவை அடுத்த பயணத்தில், ஒரு மாலை மட்டும் பார்த்தேன். அங்கே முழுநாள் கழித்தவர்களின் கருத்து மாறலாம்.

கண்ணுக்குக் கோட்டையாகத் தெரிவது சிலோசோதான். துறைமுகத்தின் மேற்கு வாயிலைக் காக்க 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட அதில் பீரங்கிகளும் சுரங்க வழிகளும் உள்ளன. மரங்களுக்கு மேலாகச் செல்லும் நடைபாலமும் உண்டு. பிள்ளைகளுடன் செல்வோருக்கு அதுவே ஏற்றது. கடலை நோக்கியிருந்த பீரங்கிகளைத் திருப்ப முடியாததால்தான் 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது என்று பலரும் நம்புகிறார்கள்; ஆனால் சிலோசோவின் பீரங்கிகள் நிலப்பக்கமும் திரும்பிச் சுட்டன.

கேனிங்கிலோ கோட்டையே இல்லை என்று சொல்லிவிடலாம். 1859க்கும் 1861க்கும் இடையில் கட்டப்பட்ட அது பின்னர் இடிக்கப்பட்டு, நீர்த்தேக்கத்துக்கு இடம்விட்டது. எஞ்சியவை ஒரு வாயிலும் அதையொட்டிய சிறு மதிலுமே. சிங்கப்பூர் அப்போது கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டதால், 1857 கிளர்ச்சியின்போது தலைமை ஆளுநராக இருந்த கேனிங் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த ஊரிலிருந்து வந்த எனக்கு அந்தப் பெயர்ப்பலகையைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

இருந்தும் கேனிங்கையே நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: அங்கே காட்டப்படுபவை அங்கேயே நடந்தவை. சிலோசோவில் 1942இல் ஆங்கிலேயரும் 1945இல் ஜப்பானியரும் சரணடைந்த இரு நிகழ்வுகளையும் மெழுகுச் சிலைகளாக அமைத்திருக்கிறார்கள், நேர்த்தியான வேலைதான். ஆனால் முதலாவது புக்கிட் திமாவிலுள்ள ஃபோர்டு தொழிற்சாலையிலும், இரண்டாவது நகராட்சிக் கட்டடத்திலும் நடந்தவை. கேனிங் குன்றின் அடியிலுள்ள நிலவறையிலோ, 1942 பிப்ரவரி 15 காலையில் பிரிட்டிஷ் படைத்தலைவர் பெர்சிவல் தம் தளபதிகளுடன் கூடிச் சரணடைய முடிவெடுத்தார். அந்தத் தாழ்ந்த கூரையின் கீழ் நிற்கும்போது விளக்கப் பலகையே தேவைப்படவில்லை. வேலூரில் 1806ஐப் பற்றிப் புத்தகத்தில் படிப்பதற்கும் கோட்டை மைதானத்தில் நின்று நினைப்பதற்கும் உள்ள வேறுபாடு எங்கள் ஊரார் எல்லோரும் அறிந்ததே.

குன்றின் வரலாறு ஆங்கிலேயருடன் தொடங்கவும் இல்லை. மலாய் மக்கள் அதை 'புக்கிட் லாராங்கான்', அதாவது ஏறத் தடைசெய்யப்பட்ட குன்று என்றார்கள். பழைய அரசர்கள் அங்கே வாழ்ந்ததாகவும் அடக்கமானதாகவும் நம்பினார்கள். 1984 முதல் நடந்த அகழாய்வுகளில் 14ஆம் நூற்றாண்டின் சீனப் பீங்கான் துண்டுகளும் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன; தோண்டிய குழி ஒன்றைக் கூரையிட்டு அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1819இல் ஆங்கிலேயர் சார்பில் ராஃபிள்ஸ் வந்திறங்குவதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முன்பே அங்கே வாழ்ந்தவர்களின் தடம் அது.

ஏற்றம்தான் குறை. சில பக்கங்களில் நகரும் படிக்கட்டு இருந்தாலும், முழங்கால் வலி உள்ளவர்கள் நடுப்பகலைத் தவிர்ப்பது நல்லது. நாங்கள் காலையில் குன்றை முடித்துக்கொண்டு, வெயில் ஏறியபின் அடிவாரத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு இறங்கினோம். 1928இல் நீர்த்தேக்க வேலையின்போது குன்றில் கிடைத்த பொன்நகைகள் அங்கே இருந்தன. அவற்றுள் ஒரு தோள்வளையில் பொறித்திருந்த, 'காலா' எனப்படும் அகோர முகத்தைக் கண்ணாடிக்கு அருகே குனிந்து பார்த்த அம்மா, "நம்ம கோயில் திருவாசி உச்சியில இருக்குமே, அதே முகம்" என்று சொல்லி, அங்கிருந்து நகர வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.