சுங்கை சிப்புட்டில் சேவை வரிக் கணக்கு பார்க்கும் ஒரு சிறு அலுவலகம்

உணவகத்தோடு திருமணக் கேட்டரிங்கும் நடத்தும் எங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சேவை வரிக் கணக்கைப் பார்த்துத் தருவது, பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் கடைவீட்டு மாடியில் இயங்கும் ஒரு கணக்கர் அலுவலகம். பக்கத்துப் பெருநகரான ஈப்போவுக்கு அலையாமல் நம் ஊரிலேயே, தமிழில் பொறுமையாக விளக்கி இந்த வேலையைச் செய்து தருகிறார்கள் என்பதை மற்ற சிறு வணிகர்களும் அறிய வேண்டும்.

உணவகங்களும் கேட்டரிங் நடத்துபவர்களும் 12 மாத விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால்தான் சேவை வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டும். இது நிதியாண்டுக் கணக்கு அன்று. ஒவ்வொரு மாதமும் அந்த மாதத்தையும் அதற்கு முந்தைய 11 மாதங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கடை விற்பனையையும் கேட்டரிங் வருமானத்தையும் சேர்த்து அவர்கள் மாதந்தோறும் அனுப்பிய ஒரு பக்கத் தாளைப் பார்த்தே, எல்லையைத் தாண்டிய மாதம் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த மாத இறுதிக்குள் விண்ணப்பமும் போய்விட்டது.

கடனுக்குச் செய்யும் கேட்டரிங்தான் சிக்கலான பகுதி. 2015 ஏப்ரல் முதல் நடப்பிலிருந்த பொருள் சேவை வரியில், பணம் கைக்கு வராவிட்டாலும் பில் போட்ட காலத்துக்கே பெரும்பாலும் வரி கட்ட வேண்டியிருந்தது. 2018 செப்டம்பரில் வந்த இன்றைய முறையில் பணம் கிடைத்த பிறகே சேவை வரி சேரும். ஆனால் 12 மாதமாகியும் வராத பாக்கிக்கும் வரி கட்டியாக வேண்டும். இதற்காகவே எங்கள் பாக்கிகளைத் தேதிவாரியாகப் பிரித்து, பத்தாவது மாதத்தைத் தொட்டவற்றைச் சிவப்பு மையில் குறித்து அனுப்புகிறார்கள். நான் மிகவும் மதிக்கும் வேலை இது.

அடுத்தது, பதிவேடுகள். அவற்றை 7 ஆண்டுகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். என் மனைவி முன்பணத்தையும் பந்திக் கணக்கையும் தமிழில்தான் நோட்டுப்புத்தகத்தில் எழுதுவார். அங்குள்ள அக்கா ஒருவர் அந்த நோட்டை வரிக்கு வரி படித்து, புரியாத பெயர்களைத் தொலைபேசியில் கேட்டு, மலாயில் பதிவு செய்கிறார். பெருநகர அலுவலகத்தில் இதற்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்?

வாடிக்கையாளர்களிடம் வசூலித்த 6 விழுக்காடு சேவை வரியைத் தனி வங்கிக் கணக்கில் போடச் சொன்னதும் அவர்கள்தாம். “அண்ணே, அந்தப் பணம் கடைப் பணம் இல்லை,” என்றார் பொறுப்பாளர். இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கு சமர்ப்பிக்கும்போது பணம் தயாராக இருக்கிறது. தாமதித்தால் முதல் 30 நாளுக்கே 10 விழுக்காடு அபராதம். அது போகப்போக 40 விழுக்காடு வரை ஏறும்.

குறைகளும் உண்டு. மாதக் கடைசியில் தொலைபேசியை எடுப்பதே அரிது. சனிக்கிழமை நண்பகலோடு மூடிவிடுகிறார்கள். கடையின் பில் இயந்திரத்தில் வரி விகிதத்தை மாற்றித் தருவது அவர்கள் வேலையில் சேராது. அதற்குத் தனி ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. கட்டணம் எங்களைப் போன்றோருக்குத் தாங்கக்கூடியதே.

மளிகைக் கடை மட்டும் நடத்துபவர்களுக்குச் சேவை வரிப் பதிவு தேவைப்படாது. அவர்கள் இதற்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை. உணவகமும் கேட்டரிங்கும் சேர்ந்து வளர்பவர்கள், மாத நடுவில், கடந்த 12 மாத விற்பனைத் தாள்களோடும் வசூலாகாத பாக்கிப் பட்டியலோடும் போனால் முதல் சந்திப்பிலேயே தெளிவான பதில் கிடைக்கும்.