திருவான்மியூர், கோவளம், புதுச்சேரி: கடலோரத்தில் குடியேற எது ஏற்றது?

கடற்கரைக்கு அருகில் வீடு தேடுவோர் வாடகையையும், மாடியிலிருந்து கடல் தெரியுமா என்பதையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நடந்துபோய் உட்கார மணற்பரப்பு இருக்கிறதா, அது எல்லாப் பருவத்திலும் நிலைத்திருக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை முன்னிறுத்தினால் இந்த மூன்று இடங்களும் வேறு வரிசையில் நிற்கும்.

அழகில் புதுச்சேரிக்கே முதலிடம். மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்கள் அனுமதிக்கப்படாத கடற்கரைச் சாலை சென்னையில் எங்கும் இல்லாத வசதி. ஆனால் அந்தச் சாலையின் ஓரத்தில் நெடுங்காலம் மணல் இருக்கவில்லை, கருங்கற்களே இருந்தன. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்ததால், வடக்கே கரை அரிக்கப்பட்டது. தலைமைச் செயலகம் அருகே 2018இல் கடலுக்குள் அமைக்கப்பட்ட செயற்கைத் திட்டு ஓரளவு மணலை மீட்டுத் தந்திருக்கிறது. எனினும் கல் கொட்டிக் காத்த இடத்துக்கு வடக்கே உள்ள குப்பங்களில் அரிப்பு தொடர்கிறது. பொம்மையார்பாளையம் பக்கம் மனை வாங்க நினைப்பவர்கள் அங்கே இடிந்து நிற்கும் சுவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. மணல்தான் வேண்டுமென்றால் தெற்கே, தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கு வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற சின்ன வீராம்பட்டினம் பக்கம் போக வேண்டும்.

கோவளமும் அதே ஆண்டில் அந்தச் சான்றைப் பெற்றது. அலைச்சறுக்கு பழகவும், முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் படகு விடவும் விரும்பும் இளைஞர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் சென்னைக்கு அருகில் இல்லை. ஆயினும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடியிருப்பதும் கடற்கரையில் குடியிருப்பதும் ஒன்றல்ல. பல இடங்களில் பங்களாக்களின் மதில்கள் கடலுக்குப் போகும் வழியை மறித்துவிட்டதால், அலைச்சத்தம் கேட்கும் வீட்டிலிருந்து மணலை அடையச் சுற்றிப் போக நேரிடுகிறது. பெரிய மருத்துவமனை, கல்லூரி என்று எதற்கும் வண்டி எடுக்க வேண்டும். ஞாயிறு மாலை நகரத்துக்குத் திரும்பும் வாகன வரிசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

திருவான்மியூர் பார்வைக்குச் சாதாரணமானது. ஆனால் இரயிலும் பேருந்தும் காய்கறிக் கடையும் மணலும் நடக்கும் தொலைவில் அமைந்த ஊர் இம்மூன்றில் இதுவே. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இக்கரையில் முட்டையிட வருகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கும் மாணவர் குழுவோடு பொதுமக்களும் செல்லலாம். ஏறக்குறைய ஏழு வாரத்தில் பொரிந்த குஞ்சுகள், உள்ளங்கையில் பாதிகூட இல்லாத உடலை இழுத்துக்கொண்டு அலையை நோக்கி ஊர்வதைப் பார்க்க இங்கே குடியிருப்பவர் பயணம் போக வேண்டியதில்லை. விடுமுறை நாள் கூட்டமும் அது விட்டுச்செல்லும் குப்பையும் இதற்குக் கொடுக்கும் விலை.

உப்புக்காற்று மூன்று ஊருக்கும் பொது. கடலை ஒட்டிய முதல் இரண்டு தெருக்களில் சன்னல் கம்பியும் ஏசியின் வெளிப்புறப் பெட்டியும் விரைவில் துருப்பிடிக்கும். நாலைந்து தெரு தள்ளிப் போனால் இந்தத் தொல்லை குறையும், நண்பகலுக்குப் பின் வீசும் கடற்காற்று குறையாது. புயலுக்கும் எந்த ஊரும் விலக்கில்லை: வர்தா 2016இல் சென்னையையும், ஃபெஞ்சல் 2024இல் புதுச்சேரியையும் தாக்கின.

குடும்பத்தோடு நிரந்தரமாகத் தங்குபவர்களுக்கு என் தேர்வு திருவான்மியூர். தனியாக இருந்து வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்குக் கோவளம். ஓய்வுபெற்று, அலையில் கால் நனைப்பதைவிடக் காலை நடையை விரும்புபவர்களுக்குப் புதுச்சேரி. எதுவானாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை தெருவைப் பார்த்துவிட்டு வாடகைக்குப் போகலாம். மனை வாங்குவதாக இருந்தால், கடல்நீர் ஏறும்போது எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை, கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தக்கூடும் என்பதால், அந்த மண்டல வரைபடத்தில் மனை எங்கே விழுகிறது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.