விக்குக்கு மேலே போடும் இரவுத் தொப்பி: யாழ்ப்பாணத்துச் சூட்டுக்கு எது சரி?

விக்கைப் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். விக் விற்கிறவர்கள் சொல்வார்கள், தோல் டொக்டரும் சொல்லுவார். இராத்திரியாவது தலைத்தோலுக்குக் காற்றுப் பட வேண்டும், இல்லாவிட்டால் வேர்வையும் எண்ணெயும் அடைபட்டுச் சின்னச் சின்னப் பருவாக வரும், விளிம்பில் மிச்சமிருக்கிற கொஞ்ச மயிரும் உரசி உடையும். எல்லாம் சரி. தனி அறையில் படுக்கிற நாளில் நானும் கழற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஆனால் நல்லூர்த் திருவிழா 25 நாளும் லண்டன், கனடாச் சனம் வந்து ஒரே அறைக்குள் பாய் விரித்து நாலைந்து பேர் படுக்கும்போது, கலியாண வீட்டில் முதல்நாள் இரவு தங்கும்போது, கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகும்போது, ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத் துணையாக நிற்கும்போது என்ன செய்வது? எனக்குப் புழுவெட்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்கால்களைத் தாக்குகிற வருத்தம் அது, தொற்றாது, அழுக்கால் வருவதும் இல்லை. அதை ஒவ்வொரு மாமிக்கும் இருத்திவைத்து விளங்கப்படுத்த எனக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. அதனால் சில இரவுகள் விக்கோடுதான்.

அந்த இரவுகளுக்கான தொப்பியைப் பற்றித்தான் இது.

தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இணையத்தில் கிடைக்கிற விமர்சனங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று சுருட்டைமுடிக்காரருக்கு, மற்றது கீமோ எடுத்து வெறுந்தலையாக இருப்பவர்களுக்கு. இரண்டுமே எங்கள் தேவைக்கு நேராகப் பொருந்தாது. வெறுந்தலைக்கான தொப்பி, மூங்கில் விஸ்கோஸ் என்றும் பருத்தி என்றும், தோலோடு ஒட்டிக் கிடக்கத் தைத்தது. கை வைத்தால் பூப்போல இருக்கும். அதை விக்குக்கு மேலே இழுத்தால் முடியை அமுக்கி, பிடரிப் பக்கத்தால் விக்கையே மேலே தூக்கிவிடும். காலையில் எழும்பிப் பார்த்தால் நெற்றிக்கோடு புருவத்துக்குக் கிட்ட வந்து நிற்கும்.

விக் எந்த இடத்தில் பழுதாகிறது என்று பார்த்தால் தொப்பியில் என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பது தானாக விளங்கும். செயற்கை நார் விக் என்றால் அது பிளாஸ்ரிக் வகைதான். தலையணையிலும் சட்டைக் கழுத்திலும் தேய்ந்து தேய்ந்து பிடரியில் முதலில் பஞ்சுபோல எழும்பும், அப்படி எழும்பினால் பழையபடி வராது. மனித முடி விக் அந்தளவுக்குக் கெடாது, ஆனால் சிக்குப் பிடிக்கும், சிக்கெடுக்கும்போது முடிச்சோடு கழன்று வரும். முன்பக்கம் லேஸ் வைத்த விக் என்றால் அந்த லேஸ் விளிம்புதான் ஆகப் பெலவீனமான இடம், இறுக்கமான இலாஸ்ரிக் அதன்மேல் இரவு முழுக்க ஏறியிருந்தால் ஓரம் சுருண்டு கிழியத் தொடங்கும். ஆகவே தொப்பியின் உட்புறம் வழுக்க வேண்டும், உள்ளே இடம் இருக்க வேண்டும், பட்டி லேஸில் ஏறாமல் நெற்றித் தோலில் இருக்க வேண்டும். துணி எவ்வளவு மென்மை என்பது இதற்கெல்லாம் பிறகுதான். விலை அதற்கும் பிறகு.

முதலில் எங்கள் ரவுனில் எல்லாரும் வாங்குகிற சாமான். நவீன சந்தைப் பக்கம் ஃபான்சிக் கடைகளில் கிளிப்புகளுக்கும் ஹெயார் பாண்டுகளுக்கும் பக்கத்தில் தொங்குகிற ஒற்றைத் துணிச் சற்றின் தொப்பி. சிவப்பு, ஊதா, சிறுத்தைப் புள்ளி, சில நூறு ரூபாய். கையில் எடுத்து விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்: துணியை ஒரு மடிப்பு மடித்து, அதற்குள் கால் அங்குல இலாஸ்ரிக்கை இழுத்துப் பிடித்து நேரே தைத்திருப்பார்கள். அந்த இலாஸ்ரிக் கம்பிபோலத்தான் நெற்றியில் பதியும். தைத்த இடத்தில் துணி சுருக்குச் சுருக்காக நிற்பதால் அந்தச் சுருக்கின் அச்சு அப்படியே நெற்றியில் விழும், தேத்தண்ணி குடித்து முடித்து வெகுநேரத்துக்குப் பிறகும் போகாது. உள்ளே ஓரம் அடிக்காத தையல் என்றால் நூல் பிரிந்து விக் முடியோடு சுற்றிக்கொள்ளும். ஒரே ஒரு நல்ல குணம், ஆழம் உண்டு. தோள் வரை வருகிற விக்கை உள்ளே சுருட்டி வைக்கலாம். ஒரு இரவுக்கு அவசரமாக வேண்டுமென்றால் வாங்குங்கள், வாங்கி இலாஸ்ரிக்கை இரண்டு மூன்று இடத்தில் வெட்டித் தளர்த்திவிட்டு, மேலே ஒரு துணிப்பட்டியைக் கட்டிக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் சமாளிக்கும்.

அடுத்தது ஒன்லைனில் எடுத்த இரட்டைத் துணித் தொப்பி. இரண்டு பக்கமும் திருப்பிப் போடலாம், அகலப் பட்டி, படத்தில் பார்க்க ராணி மாதிரி. விற்றவர் பெயர் வேண்டாம். அளவு என்ற இடத்தில் எல்லாருக்கும் பொருந்தும் என்று மட்டும் போட்டிருந்தார்கள், வந்ததோ பிள்ளைகளின் தலைக்குச் சரியானது. சராசரி அளவு விக் உட்சுற்று 22 அங்குலம் அளவில் வரும், அதன்மேல் முடியின் தடிப்பும் சேரும். அதற்கு மேலே போடுகிற தொப்பியின் பட்டி இழுக்காமலே 22 அங்குலம் இருக்க வேண்டும், இழுத்தால் 25க்காவது போக வேண்டும். இதைக் கேட்டு எழுதினால் பதில் இல்லை, திருப்பி அனுப்புகிற செலவு தொப்பி விலைக்குக் கிட்ட வந்தது. பட்டி அளவை அங்குலத்திலோ சென்ரிமீற்றரிலோ போடாத ஆளிடம் தொப்பி வாங்கவே வாங்காதீர்கள்.

இரட்டைத் துணி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்நாட்டுக்காரருக்கு அது நல்லதுதான். பங்குனி, சித்திரையில் கரண்ட் நின்று மின்விசிறியும் நின்ற ஒரு யாழ்ப்பாணத்து இரவில், தலையில் விக் வலை ஒன்று, விக் ஒன்று, அதன்மேல் பொலியெஸ்ரர் இரண்டு அடுக்கு என்று படுத்துப் பாருங்கள். இட்லிச் சட்டிக்குள் தலையை வைத்த மாதிரி இருக்கும். மார்கழிப் பனிக்கும் ஏசி பஸ்ஸுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம்.

பிறகு பட்டு. லண்டனில் இருக்கிற மச்சாள் வரும்போது கொண்டுவந்து தந்தது, மல்பெரிப் பட்டு, 22 மொம்மே என்று பெட்டியில் போட்டிருந்தது. மொம்மே பட்டுத் துணியின் கனத்தைச் சொல்கிற அளவு, 22 என்றால் ஒரு சதுர மீற்றர் கிட்டத்தட்ட 95 கிராம் வரும். 19இலிருந்து 22 வரை இருந்தால் தொப்பிக்கு நல்ல கனம். பெட்டியில் சற்றின் என்று மட்டும் போட்டிருந்தால் அது பட்டு என்று நினைக்க வேண்டாம், சற்றின் நெய்கிற முறைதான், நூல் பெரும்பாலும் பொலியெஸ்ரராகவே இருக்கும். சந்தேகம் என்றால் உள்தையலில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு நூலை இழுத்து நெருப்புக் குச்சியில் காட்டுங்கள். பட்டு என்றால் மயிர் பொசுங்குகிற மணம் வந்து, விரலால் தேய்த்தால் தூளாகும். பொலியெஸ்ரர் உருகி, ஆறியதும் கடினமான உருண்டையாக நிற்கும். மச்சாள் தந்தது தூளானது. அவவுக்கு முன்னால் இதைச் செய்யவில்லை.

பட்டுத் தொப்பி நல்லதா? நல்லது. தலை வேர்த்தாலும் பொலியெஸ்ரர் மாதிரி நசநசக்காது, ஈரத்தை இழுக்கும். மனித முடி விக்குக்கு இதைவிட வடிவான சாமான் இல்லை என்று சொல்லுவேன். ஆனால் என்னிடம் இருப்பது செயற்கை நார் விக். வழுவழு நாரின்மேல் வழுவழு பட்டு, பிடிக்க ஒன்றும் இல்லாமல் இரண்டு தரம் புரண்டால் தொப்பி தலையணையில், நான் பாயில். பட்டி மெல்லியது என்றால் அந்தக் கதைதான். வெளிநாட்டு விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் ஒரு நல்ல சேலை வாங்கலாம். யாராவது தந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஆனால் காசு கொடுத்து வரவழைக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இடையில் சால்வை பற்றி ஒரு வார்த்தை. இரவு பஸ்ஸுக்குத் தொப்பியைவிட வழுக்குகிற சதுரச் சால்வை நல்லது. முக்கோணமாக மடித்து, நெற்றியில் வைத்து, பிடரிக்குக் கீழே முடிச்சுப் போட்டு, முடிச்சைப் பக்கவாட்டுக்குத் தள்ளிவிட வேண்டும். சீற்றில் தலை சாய்கிற இடமும் பிடரியும் ஒன்று, அங்கே முடிச்சு இருந்தால் வவுனியா வரும் முன்னமே கழுத்து நோகும். பார்க்கிறவர்களுக்கும் ஏசிக் குளிருக்குத் தலையை மூடியிருக்கிறா என்றுதான் தெரியும். பருத்திச் சால்வையோ துவாயோ வேண்டாம், அது தலையணையைவிட மோசமாக முடியைத் தேய்க்கும்.

கடைசியில் நான் நிலைத்தது எங்கள் ஒழுங்கையில் சட்டை தைக்கிற அன்ரியிடம். சற்றின் தொப்பி வேண்டும் என்றதும் "இதென்ன பிள்ளை, கேக் மூடுறதுக்கோ?" என்று கேட்டா. விசயத்தைச் சொன்னேன். ஒரு நிமிசம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப விக்கைப் போட்டுக்கொண்டு வாரும், அதுக்கு மேல வைச்சுத்தான் அளக்க வேணும்" என்றா. இவ்வளவு பெட்டிகள் பிரித்தும் இந்தப் புத்தி ஒரு கொம்பனிக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

அவ தைத்த விதத்தை அப்படியே எழுதுகிறேன், உங்கள் ஊரில் தைக்கக் கொடுப்பவர்கள் காட்டலாம். சட்டை லைனிங்குக்குப் போடுகிற மெல்லிய சற்றினில் 24 அங்குலக் குறுக்களவில் ஒரு வட்டம், ஒற்றைத் துணி. பட்டிக்கு மட்டும் பருத்தி வொயில், ஒன்றரை அங்குல அகலம். பட்டியின் முன்பாதியில் இலாஸ்ரிக்கே இல்லை, நெற்றியில் தட்டையாகக் கிடக்கும், வேர்வையை உறிஞ்சும், பருத்தி என்பதால் தோலைப் பிடித்து நிற்கும். பிடரிப் பக்கம் மட்டும் முக்கால் அங்குல மெல்லிய இலாஸ்ரிக். அதோடு பாவாடைக்குக் கோர்ப்பதுபோல ஒரு நாடா, இரண்டு நுனியும் பக்கவாட்டால் வெளியே வரும், அன்றைக்குப் போடுகிற விக்கைப் பொறுத்து இறுக்கலாம், தளர்த்தலாம். தையல் மடிப்பு முழுக்க வெளிப்புறம். அது நான் கேட்டது, முடியோடு ஒரு நூலும் படக் கூடாது என்று. பார்க்கக் கொஞ்சம் உள்ளும் புறமும் மாறிப் போட்டது போலத் தெரியும், படுக்கையில் யார் பார்க்கப் போகிறார்கள்.

துணிக்கும் கூலிக்குமாகக் கொடுத்தது ஃபான்சிக் கடைத் தொப்பியைவிடக் கூட, ஒன்லைன் தொப்பியைவிடக் குறைவு. போட்டுக்கொண்டு படுத்தால் நெற்றியில் அச்சு இல்லை, காதை அமுக்கவில்லை, காலையில் விக் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குறை என்று சொன்னால் வொயில் பட்டி கெதியாக ஊத்தை பிடிக்கும், அடிக்கடி தோய்க்க வேண்டும், ஆகவே இரண்டாகத் தைப்பித்துக்கொள்ளுங்கள். நாடா முடிச்சு ஒருபக்கம் சரிந்து படுத்தால் சிலநேரம் உறுத்தும். மற்றபடி குறை இல்லை.

எந்தத் தொப்பியும் செய்யாத வேலை சில உண்டு. இடுப்பு வரை நீளமான விக்கைத் தொப்பிக்குள் பந்தாகத் திணித்தால் தொப்பிதான் கழரும், தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டுப் பக்கவாட்டால் வெளியே விடுங்கள், நுனியை மட்டும் சற்றின் துண்டில் சுற்றிக்கொள்ளலாம். பசை அல்லது ரேப் போட்டு ஒட்டுகிற ஆட்கள், வேர்வையில் ஒட்டு இளகும், தொப்பி அதைப் பிடித்து வைக்காது. குட்டை பொப் விக்கின் நுனி காலையில் வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும், கொஞ்சம் தண்ணீர் தெளித்து உதறிவிட்டு விரலால் நீவினால் போதும், ஹெயார் ட்ரையரைக் காட்டினால் சாதாரண செயற்கை நார் சுருண்டு போய்விடும்.

தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ கீமோவுக்குப் போய்வருகிறவர்கள், தலைத்தோல் தொட்டாலே நோகிற அந்தக் காலத்தில், இந்தக் கட்டுரையில் உள்ள ஒன்றையும் வாங்க வேண்டாம். அந்த நேரத்தில் விக்கோடு படுப்பதே அந்தத் தோலுக்குக் கூடாது. பழைய பருத்தி பனியன் துணியில் தைத்த, முன்னுக்குத் தையல் வராத தளர்வான தொப்பி போதும். அதையும் அன்ரி தைப்பா.

தோய்க்கும்போது பிள்ளைகளின் ஷாம்பு ஒரு துளி, பிழியாமல் துவாயில் சுற்றி அமுக்கி, நிழலில் போடுங்கள். கடும் நிறத் துணி என்றால் முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வேர்வைக்கும் விடும், மண்ணிறத்தில் வெளிர்க் கோடு போட்ட விக் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய நட்டம். அப்புறம், தைக்கக் கொடுப்பதென்றால் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் நன்றாக முன்னமே கொடுத்துவிடுங்கள். அந்த நேரம் அன்ரியின் மேசையில் சட்டைத் துணி மலையாகக் கிடக்கும், தொப்பி என்று போனால் ஏச்சுத்தான் விழும்.