கருங்காலி என்று சொல்லிச் சாயக் கட்டையை விற்றார்கள், 7,800 ரூபாய் போச்சு

கிதார் ஃபிரெட்போர்டில் (கழுத்தில் விரல் வைத்து அழுத்தும் பலகை) மர இன்லே, அதாவது குழி வெட்டி வேறு மரத்தைப் பதிக்கும் வேலை, செய்ய நினைப்பவர்கள் கட்டை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

அக்கா மகளின் கிதாருக்குப் புது ஃபிரெட்போர்டு போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். கருங்காலிப் பலகை, அதில் பதிக்க, சிப்பிக்குப் பதிலாகப் பலாக் கட்டையில் வெட்டிய இலை வடிவங்கள். 3, 5, 7, 9-வது ஃபிரெட்டுகளில் (பலகையின் குறுக்கே ஓடும் கம்பிகள் பிரிக்கும் கட்டங்கள்) ஒவ்வொன்று, 12-ல் இரண்டு. தஞ்சாவூர் வீணை செய்கிற அதே பலாதான். எண்ணெய் பட்டதும் தேன் நிறத்துக்கு வரும், கருப்பில் அது உட்காரும் அழகே தனி. மைசூரில் ஈட்டி மரத்தில் பல நிற மரங்களைப் பதித்துப் படம் செய்வார்களே, அதைப் பார்த்து வந்த ஆசை.

பல கடைகள் சேர்ந்து விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில், இசைக்கருவி மரம் விற்கிற கடை ஒன்று கிடைத்தது. போனில் பேசியவர், "தம்பி, இது வைரம் பாய்ஞ்ச கட்டை. ஆறு வருஷம் நிழல்ல காய்ஞ்சது" என்றார். ஈரத்துணியால் கட்டையைத் துடைத்துக் காட்டி வீடியோ அனுப்பினார். இலைக்கு 2 மி.மீ. தகடு போதுமா, எந்தப் பசை நல்லது என்று அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். மரத்தை நேசிக்கிற ஆள் என்று நம்பிவிட்டேன். அப்புறம்தான் சொன்னார், "தளத்துல வாங்கினா கமிஷன் போயிடும், நேரா ஜிபே பண்ணுங்க, பலாத் தகடு ரெண்டு சேர்த்துத் தர்றேன்." அனுப்பினேன். 7,800 ரூபாய்.

கட்டையைக் கையில் எடுத்தபோதே கனம் குறைவாகத் தெரிந்தது. நன்றாகக் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் மாலை உட்கார்ந்து ஆறு இலைகளையும் வெட்டி முடித்தேன். முந்தாநாள் இரவு 12-வது ஃபிரெட் இடத்தில் மரத்தில் குழி வெட்டும் ரவுட்டர் மிஷினை வைத்து இறக்கினேன். முதலில் கருப்புத் தூள் வந்தது, உடனே வெளிர் பழுப்பாக மாறியது. ஊதிப் பார்த்தால் குழியின் அடி முழுக்க வெளுத்த மரம், விளிம்பில் மட்டும் நகக்கனத்துக்குக் கருப்பு. தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்தேன், மை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. விரல் வியர்வை தினமும் படுகிற இடம் அது. அந்தச் சாயம் அந்தப் பிள்ளையின் கையில்தானே இறங்கியிருக்கும்?

போட்டோ அனுப்பினேன். "கேமரா வெளிச்சத்துல அப்படித் தெரியும்" என்றார். பிறகு, "கருங்காலியில கொஞ்சம் வெள்ளை வரும்." வரும்தான், ஆனால் அது ஓரமாகப் பட்டையாக ஓடும். நாலு பக்கமும் தோல் போர்த்தின மாதிரி ஒரே அளவுக்குக் கருப்பு இருக்குமா? அதைக் கேட்டதும், "நீங்க வெட்டிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது." வெட்டாமல் எப்படித் தெரியும் ஐயா? நேற்று மாலையிலிருந்து வேறொருவர் போனை எடுத்து, "ஓனர் வெளியூர் போயிருக்கார்" என்கிறார். தளத்தில் புகார் போட்டால் பத்தே நிமிடத்தில் பதில்: எங்கள் வழியாகப் பணம் வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை. 7,800 ரூபாய்க்கு யாருமே பொறுப்பில்லை.

சரி, பார்த்து வாங்க வேண்டியவை. முழுக் கட்டையைத் துடைத்துக் காட்டும் வீடியோவை நம்பாதீர்கள், முனையைப் புதிதாக அறுத்து உள்நிறத்தைக் காட்டச் சொல்லுங்கள். எடை கேளுங்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள், வேலை தொடங்கும் முன் பஞ்சும் தின்னரும் வைத்து ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட வேண்டும்.