பூனை தள்ளியதை ஒட்டவைத்த சூப்பர் குளூ

மேசை விளிம்பில் எது இருந்தாலும் எங்கள் குட்டிம்மாவுக்கு முன்னங்காலால் தள்ளிவிட்டே ஆக வேண்டும். இந்த முறை பீங்கான் பூச்சாடியின் கைப்பிடி போயிற்று. ஜெல் வகை சூப்பர் குளூவை மெல்லிசாகத் தடவி அழுத்திப் பிடித்தேன். உடனே பிடித்துக்கொண்டது, விரிசல் தலைமுடி அளவுதான் தெரிகிறது. காற்றின் ஈரத்தில்தான் இது இறுகும், அதனால் நிறையத் தடவினால் தாமதமாகும். டியூப்பின் வாய் சீக்கிரம் அடைத்துக்கொள்வது பெரிய குறை.

இதன் கதைதான் அருமை. 1942இல், போர்க்காலத்தில், துப்பாக்கியில் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய அமெரிக்க வேதியியலாளர் ஹாரி கூவரின் குழு, தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறதென்று இந்தப் பொருளை ஒதுக்கிவிட்டது! 1958இல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. சரி, சாப்பிடும் பாத்திரங்களில் மட்டும் தடவாதீர்கள். அப்புறம், ஒட்டும்போது பூனை வேறு அறையில் இருக்கட்டும்.